பழைய டை-காஸ்ட் கார், உருமாறும் ரோபோ: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய பொம்மைக் கார் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் நிறத்தை ரசிப்பார்கள், கதவைத் திறந்து மூடுவார்கள், மேசைமேல் ஓட்டிப் பார்ப்பார்கள். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர் முதல் வேலையாக அதைக் கவிழ்ப்பார். செய்தது யார், எந்த நாட்டில், எந்தக் காலத்துச் சக்கரம், இடையில் யாராவது பிரித்து மறுபடி பூட்டினார்களா என்பதற்கெல்லாம் விடை அடித்தட்டில்தான் இருக்கிறது. உருமாறும் ரோபோக்களில் அதே விடைகள் மூட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும். பாத்திரத்தின் பெயரும் மாடலின் புகழும் அப்புறம். இந்த உலோகமும் இந்தப் பிளாஸ்டிக்கும் இன்னும் இருபது வருடம் தாங்குமா என்பதே முதலில் கேட்க வேண்டியது.

எல்லை போடுவது

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று இறங்கினால் அலமாரி நிறையும், சேகரிப்பு உருவாகாது. ஒரு நிறுவனம், ஒரு காலம், ஒரு வகை என்று குறுக்கிக்கொள்ளுங்கள். லெஸ்னி நிறுவனத்தின் மேட்ச்பாக்ஸ் 1-75 வரிசையை எடுத்தால் 1953-ல் தொடங்கி 1969-ல் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்ற வேகமாக உருளும் சக்கரம் வரும்வரையிலான காலம் தனி உலகம். ஹாட் வீல்ஸில் 1968 முதல் 1977 வரை சக்கரத்தில் சிவப்புக் கோடு போட்ட ‘ரெட்லைன்’ கார்கள் இன்னொன்று. ரோபோ பக்கம் ஜப்பானின் டகாரா நிறுவனத்தின் டயாக்லோன் கார் ரோபோக்களும் அவற்றிலிருந்து பிறந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸின் முதல் இரண்டு வருடங்களும் போதும், பல வருடத்துக்கு வேலை கொடுக்கும்.

தொடக்கத்தில் பெட்டியோடு இருப்பதைத் தேடாதீர்கள். பெட்டி இல்லாத, ஆனால் உதிரி எல்லாம் முழுமையாக உள்ள பொம்மைகளைத் தொட்டு, திருப்பி, உருமாற்றிப் பழகினால்தான் கண்ணுக்கும் விரலுக்கும் பழக்கம் வரும். உடைந்தவற்றை மொத்தமாக ஒரு லாட் வாங்குவதும் நல்ல முதலீடு. பிரித்துப் பார்க்க அவை உதவும், பிறகு உதிரிபாகக் கிடங்காகவும் இருக்கும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, டிஜிட்டல் வெர்னியர், புற ஊதா டார்ச். காந்தம் கொண்டுவந்து உலோகத்தைச் சோதிப்பவர்கள் உண்டு. டை-காஸ்ட் (உருகிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்ப்பது) துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. ஆக்சில், திருகு, ஸ்பிரிங், மூட்டைக் கோக்கும் பின் ஆகியவற்றில் மட்டும் ஒட்டும். தொட்டதும் வரும் குளிர்ச்சியும் எடையும்தான் உலோகத்தைச் சொல்லும்.

அடித்தட்டை வாசிப்பது

ஹாட் வீல்ஸின் அடியில் இருக்கும் ஆண்டைப் பார்த்து ‘இது 1969 கார்’ என்று விற்பவர்கள் இன்றும் ஏராளம். அந்த ஆண்டு வார்ப்பு வடிவமைப்பின் உரிமம் பதிவான ஆண்டு. அதே அச்சில் பல வருடங்கள் கழித்து வந்த காரிலும் அதே எண்தான் இருக்கும். காலத்தைக் கணிக்க ஆண்டை நம்பாமல், சக்கர வகை, பூச்சு, நாட்டின் பெயர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ரெட்லைன் காலத்தில் அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் உற்பத்தி நடந்தது. ஹாங்காங் கார்களின் கண்ணாடியில் பெரும்பாலும் இலேசான நீலச் சாயல் தெரியும், அமெரிக்கக் கார்களில் நிறமற்றதாக இருக்கும். அடியில் ஒரு நாடு, கண்ணாடியில் இன்னொரு நாடு என்றால் இரண்டு கார்களைக் கலந்து ஒன்றாக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

மேட்ச்பாக்ஸில் ‘லெஸ்னி’ பெயரும் ‘மேட் இன் இங்கிலாந்து’ வரியும் சேர்ந்திருந்தால் அச்சு 1982-க்கு முந்தையது என்று கொள்ளலாம். அந்த வருடம் லெஸ்னி திவாலாகி யுனிவர்சல் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன்பின் மக்காவ், சீனா, தாய்லாந்து என்ற பெயர்கள் வரத் தொடங்கின. 1950-களின் கார்களில் ‘மோகோ லெஸ்னி’ என்று இருக்கும். மோகோ என்பது விநியோகித்த நிறுவனத்தின் பெயர். ஒரே எண், ஒரே மாடல், ஆனால் உலோகச் சக்கரம், சாம்பல் பிளாஸ்டிக் சக்கரம், கறுப்புப் பிளாஸ்டிக் சக்கரம் என்று மூன்று வகையில் வந்த மாடல்கள் உண்டு. எவ்வளவு பேர் தேடுவார்கள் என்பதை நிறத்தைவிட அந்தச் சக்கரம்தான் பல நேரம் தீர்மானிக்கும்.

மெக்கானோவின் டிங்கி டாய்ஸ் 1934-ல் அந்தப் பெயரை எடுத்தது. லிவர்பூல் பின்ஸ் ரோடு ஆலை 1979-ல் மூடப்பட்டது. மெட்டாய் நிறுவனம் 1956-ல் கார்கி டாய்ஸைக் கொண்டுவந்தபோது ‘ஜன்னல் உள்ள கார்கள்’ என்றுதான் விளம்பரம் செய்தது, ஏனென்றால் அதுவரை டிங்கியின் மூடிய கூரைக் கார்களில் ஜன்னல் வெறும் ஓட்டை. ஆகவே 1950-களின் தொடக்கத்து டிங்கி செடானில் பிளாஸ்டிக் கண்ணாடி மின்னினால் அதை யாரோ பின்னால் ஒட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானின் டோமிகா கார் வரிசை 1970-ல் தொடங்கியது. அதில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று வரும் பழைய கார்களைத்தான் பலர் தேடுகிறார்கள். பின்னாளில் உற்பத்தி சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போனது.

ஜிங்க் பெஸ்ட்

டை-காஸ்ட் கார்களின் உடல் ஜமாக் அல்லது மாசாக் எனப்படும் துத்தநாகக் கலவை. அதில் ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம், மிகச் சிறிய அளவில் மக்னீசியம், சில வகைகளில் செம்பு. கலவை தூய்மையாக இருந்தால் நூறு வருடம் நிற்கும். உருக்கும்போது ஈயம், காட்மியம், வெள்ளீயம் கலந்துவிட்டால் உலோகத் துகள்களின் எல்லைகளில் அரிப்பு தொடங்கும். அரிப்பின் விளைபொருள் அதிக இடம் பிடிப்பதால் வார்ப்பு உள்ளிருந்தே உப்பி, வளைந்து, கடைசியில் பொடியாகும். இதைத்தான் ‘ஜிங்க் பெஸ்ட்’ என்பார்கள். ஈரமும் வெப்பமும் இதை விரைவாக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள்தான் இதில் பேர் போனவை. ஆனால் தரக் கட்டுப்பாடு தவறிய சில பிற்கால வார்ப்புகளிலும் இது வந்திருக்கிறது, ஆகவே ‘புதுசுதானே’ என்று சோதிக்காமல் விடக் கூடாது.

சோதிக்கும் முறை: டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் காரைத் தொட்டபடி பிடித்து, கூரையிலும் அடித்தட்டிலும் ஒளியைச் சாய்வாக ஓட்டுங்கள். வறண்ட குளத்துத் தரை போல மெல்லிய வலைப்பின்னல் வெடிப்பு, பெயின்டுக்கு அடியில் கொப்புளம், திறந்தால் மூடாத கதவு, நான்கில் ஒரு சக்கரம் தரை தொடாமை, இவை எல்லாம் அறிகுறிகள். அடித்தட்டின் குறுக்கே நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. அதே மாடலின் நல்ல கார் ஒன்று உங்களிடம் இருந்தால் முன்-பின் ஆக்சில் இடைவெளியை இரண்டிலும் வெர்னியரால் அளந்து ஒப்பிடலாம். உப்பிய வார்ப்பு நீண்டிருக்கும்.

இதற்கு மருந்து கிடையாது. பசை ஊற்றுவது, வார்னிஷ் பூசுவது எல்லாம் கண்ணுக்கு மறைக்குமே தவிர உள்ளே நடப்பதை நிறுத்தாது. பக்கத்துக் காருக்கு ‘தொற்றும்’ என்ற பயமும் வேண்டாம். அது அந்த வார்ப்பின் கலவைக் கோளாறு, நோய்க்கிருமி அல்ல. பூச்சில்லாத உலோகத்தில் படியும் வெள்ளைப் பொடியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம். துடைத்தால் போகும், அடியில் வெடிப்பு இருக்காது.

ரிவெட், பூச்சு, டயர்

ஆலையில் ரிவெட்டின் தலையை அழுத்திச் சுழற்றி விரிப்பார்கள். மேற்பகுதி வட்டமாக, மழமழவென்று, சுற்றிலும் சீராக இருக்கும். நடுவில் பளிச்சென்ற துளை, பசை வழிந்த தடம், திருகு, சுத்தியல் அடித்த கோணல் இவற்றில் எது தெரிந்தாலும் கார் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிரித்தது குற்றமில்லை. பிரித்ததைச் சொல்லாமல் அசல் என்று விற்பதுதான் பிரச்சினை.

மறுபூச்சைக் கண்டுபிடிக்கக் கதவுக் கோடு, கிரில், பெயர் எழுத்து மாதிரி நுண்ணிய பள்ளங்களை லென்ஸில் பாருங்கள். இரண்டாவது பூச்சு அந்தப் பள்ளங்களை நிரப்பிக் கூர்மையை மழுங்கடித்திருக்கும். சக்கர வளைவின் உள்விளிம்பில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். ரெட்லைன் கார்களுக்கு 1972 வரை பயன்பட்ட ஸ்பெக்ட்ராஃப்ளேம் பூச்சு ஒளி ஊடுருவும் வகை. மெருகேற்றிய உலோகத்தின் மேல் நிறக் கண்ணாடி வைத்தாற்போல் ஆழம் தெரியும். அதற்கடியில் உலோகம் கறுத்துப் புள்ளி புள்ளியாக வருவதை ‘டோனிங்’ என்பார்கள். அது பூச்சுக்கு அடியில் இருப்பதால் எந்தப் பாலிஷும் எட்டாது. தேய்க்க ஆரம்பித்தால் நிறம்தான் போகும்.

டயர்களைத் தனியாகப் பாருங்கள். பழைய ரப்பர் கெட்டியாகி வெடிக்கும், நிற்கும் பக்கம் தட்டையாகும். அதைவிட ஆபத்து மென்மையான பி.வி.சி டயர்: அதிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் சக்கரத்தின் நடுப்பகுதியையும், பெட்டிக்குள் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் கரைத்துவிடும். மாற்று டயர் வாங்குமுன் சக்கரக் குடத்தின் விட்டத்தை வெர்னியரால் அளந்து அரை மில்லிமீட்டர் சிறியதாக எடுங்கள், இறுக்கமாக உட்காரும். கழற்றிய அசல் டயரைத் தூக்கி எறியாமல் பெயரெழுதிய சிறு பாலிதீன் பையில் வையுங்கள்.

சிறு உதிரிகள்தான் எப்போதும் தொலைந்திருக்கும். கார்கியின் 1965-ம் வருட 261-ம் எண் ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டினில் கூரை திறந்து இருக்கை எகிறும், அதில் உட்காரும் வில்லன் பொம்மை எங்கோ பறந்துபோயிருக்கும். இப்போது கிடைப்பவற்றில் பல பிரதி. சிலிக்கான் அச்சில் ஊற்றிய பிரதி உதிரிகள் இறுகும்போது சுருங்குவதால் அசலைவிட நூலிழை சிறியவை, விளிம்புகள் மொழுக்கென்று இருக்கும். முப்பரிமாண அச்சுப் பிரதியில் லென்ஸ் வைத்தால் அடுக்குக் கோடுகள் தெரியும்.

ரோபோவின் பரம்பரை

டகாராவின் டயாக்லோன் வரிசை 1980-ல் தொடங்கியது. அதில் 1982-ல் வந்த கார் ரோபோக்களும், 1983-ன் மைக்ரோ சேஞ்ச் வரிசையும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கைக்கு வந்து 1984-ல் அமெரிக்காவில் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆயின. டயாக்லோனில் காருக்குள் ஓட்டுநர் பொம்மை உட்காரும். அதனால்தான் பல ட்ரான்ஸ்ஃபார்மர் கார்களுக்குள், கதையில் ஓட்டுநரே இல்லாவிட்டாலும், இருக்கை இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பாத்திரங்களில் மெகட்ரானின் துப்பாக்கி வடிவமும் சவுண்ட்வேவின் கேசட் பிளேயரும் மைக்ரோ சேஞ்சிலிருந்து வந்தவை. இதற்கு இணையாகப் போப்பியின் மெஷின் ரோபோ 1982-ல் வந்து, மேற்கில் டோங்காவின் கோபாட்ஸ் ஆனது. டோங்காவையே 1991-ல் ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது. ட்ரான்ஸ்ஃபார்மர்ஸிலேயே ஜெட்ஃபயர் டகாரா வாரிசு அல்ல, டகாடோக்கு நிறுவனத்தின் 1/55 அளவு விமானம்.

இந்தப் பரம்பரை தெரிந்தால் முத்திரையை வாசிப்பது எளிது. அசல் பொம்மையின் உடலில், பெரும்பாலும் கால், கை உட்புறம் அல்லது அடியில், டகாரா, ஹாஸ்ப்ரோ பெயர்களும் பதிப்புரிமை ஆண்டுகளும் பொடி எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். காரைப் போலவே இங்கேயும் ஆண்டு என்பது வடிவமைப்பின் ஆண்டுதான். போலியில் அந்த எழுத்து மழுங்கியிருக்கும், அல்லது அந்த இடம் வழவழவென்று வெட்டப்பட்டிருக்கும். போலிகள் அசல் பொம்மையையே மாதிரியாக வைத்து அச்செடுப்பதால் சற்றுச் சிறியவை. உலோகம் இருக்க வேண்டிய நெஞ்சிலோ காலிலோ பிளாஸ்டிக் போட்டிருப்பார்கள், எடை குறையும். உங்களிடம் உள்ள உறுதியான அசலின் எடையைக் கிராமில் எழுதிவைத்துக்கொண்டால் அடுத்தமுறை விற்பவரிடம் எடையைக் கேட்டே பாதிச் சந்தேகம் தீரும். உதிரிகளோடா இல்லாமலா என்று சேர்த்துக் கேளுங்கள்.

1985 முதல் ட்ரான்ஸ்ஃபார்மர்களில் ‘ரப் சைன்’ என்ற சிறு சதுர ஸ்டிக்கர் வந்தது. விரலை வைத்துத் தேய்த்தால் உடல் சூட்டில், கதையில் அந்த ரோபோ சேர்ந்த கட்சியின் சின்னம் தெரியும். 1984-ன் ஆரம்பப் பொம்மைகளில் அது இல்லை, ஆகவே இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டக் கூடாது. பழசாகி வினை இழந்த ரப் சைன்களும் உண்டு. அதிகாரப்பூர்வ மறுவெளியீடுகள் வேறு கணக்கு: அவை போலி அல்ல, ஆனால் பழசும் அல்ல. பெட்டியில் புதிய ஆண்டும் பாதுகாப்புக் குறியீடுகளும் இருக்கும். பெட்டியை எறிந்துவிட்டுப் பழையதாக விற்கும்போதுதான் சிக்கல். புத்தம் புதிய குரோம், இறுக்கமான மூட்டு, துளியும் மஞ்சளாகாத வெள்ளை, இத்தனையும் ஒரே பொம்மையில் இருந்து, விலையும் அடிமட்டத்தில் இருந்தால் மறுவெளியீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு மூட்டாகச் சோதிப்பது

குளிரில் இருந்து வந்த பொம்மையை உடனே உருமாற்றக் கூடாது. பெட்டியைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் அபாயமும், உலோகத்தில் ஈரம் படிவதும் குறையும். பிறகு வழிமுறைத் தாளின் வரிசையிலேயே போங்கள். வரிசை மாறினால் ஒரு பகுதி இன்னொன்றில் இடித்து, மெல்லிய தாழ் உடையும். இறுகி நிற்கும் மூட்டை விசையால் திருப்பாமல் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், 20 சென்டிமீட்டர் தள்ளி, அரை நிமிடம் காட்டி மெல்ல அசையுங்கள். ஸ்டிக்கர் உள்ள பக்கம் சூடு படக் கூடாது, பசை இளகிவிடும்.

பார்க்க வேண்டியவை இவை. மூட்டுப் பின்னைச் சுற்றி வெள்ளைத் தழும்பு இருந்தால் பிளாஸ்டிக் அழுத்தத்தில் இருக்கிறது, அடுத்து வெடிக்கும். இடுப்புத் திருகைச் சுற்றிய மயிரிழை விரிசல், யாரோ அதிகமாக முறுக்கிய அடையாளம். குரோம் தேய்ந்த இடம் திரும்ப வராது. ஏவுகணைப் பீரங்கியின் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்புக்காக ஹாஸ்ப்ரோவே அமெரிக்கச் சந்தைக்கு அப்படித்தான் செய்தது. ஆப்டிமஸ் பிரைமுக்கு இரண்டு கைமுட்டிகளும் தனி உதிரி. டிரெய்லர் இருந்து முட்டி இல்லாத பிரைம்கள்தான் சந்தையில் அதிகம் சுற்றுகின்றன.

பொன்னிறப் பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து, உலோக மினுமினுப்புத் துகளைக் கலந்து சுழல் சுழலாக ஊற்றிய பொன்னிறப் பிளாஸ்டிக் வந்தது. அந்தத் துகள் பிளாஸ்டிக்கின் பிணைப்பைக் கெடுத்துவிடுவதால் தொட்டாலே பிஸ்கட்டாக உதிரும். சேகரிப்பாளர்கள் இதை ‘கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்’ என்பார்கள். 1988-ன் பிளாக் ஜரக் என்ற ரோபோ இதற்குக் கெட்ட பேர் எடுத்த உதாரணம். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் தப்பாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் உருமாற்றாமல், பொன்னிற மூட்டுகளை அசைக்காமல், ஒரே நிலையில் காட்சிக்கு வையுங்கள்.

வெள்ளை மஞ்சளாவது வேறு நோய். ஜெட்ஃபயரின் வெள்ளை உடல் இதில் பிரசித்தம். சூரிய ஒளியும் காற்றும்தான் முக்கியக் காரணம் என்றாலும் இருட்டுப் பெட்டிக்குள்ளேயே மஞ்சளானவையும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துப் புற ஊதா ஒளியில் வைத்து வெளுக்கும் முறை இருக்கிறது. செய்வதானால் பொம்மையை முழுதாகப் பிரித்து, ஸ்டிக்கர், உலோகம், குரோம் அனைத்தையும் நீக்கி, வெறும் பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் 6 முதல் 12 சதவீதத் திரவத்தில் முழுதும் மூழ்கவைத்து, மணிக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். துண்டு மிதந்து பாதி வெளியே நின்றால் அங்கே திட்டுத் திட்டாக வெளுக்கும்; அந்தத் திட்டு மஞ்சளைவிட அசிங்கம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவ்வளவு பாடுபட்டும் சில பிளாஸ்டிக்கில் மஞ்சள் திரும்பி வரும். இலேசான மஞ்சளை விட்டுவிடுவதே நல்லது.

கழுவுவது

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக மென்மையான பாத்திரம் கழுவும் திரவம். காரை அதில் முக்காதீர்கள். ஆக்சில் துரு பிடிக்கும், காகித ஸ்டிக்கர் ஊறும், நீர் ஒட்டுப்படம் பெயர்ந்து வரும். மெல்லிய டூத் பிரஷை நனைத்து உதறிவிட்டு அடித்தட்டில் தொடங்கி மேலே வாருங்கள். இடுக்குகளுக்கு ஈரமான பட்ஸ். பிறகு வெறும் நீரில் நனைத்த துணி, உடனே காய்ந்த துணி, கடைசியில் குளிர் காற்று. ஆக்சிலில் ஏற்கெனவே துரு இருந்தால் பல் குத்தும் குச்சியில் மெட்டல் பாலிஷைத் தொட்டுத் தேய்க்கலாம். சக்கரத்திலும் பூச்சிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசிட்டோன், தின்னர், ஸ்பிரிட் எதுவும் கிட்ட வரக் கூடாது. அச்சிட்ட கோடுகளும் எண்களும் ஒரே துடைப்பில் போய்விடும். பிளாஸ்டிக்கின் மேல் உள்ள குரோம் வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம், அதை உலர்ந்த மென்பிரஷால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உப்புத்தாள் போடாதீர்கள். உதிர்ந்த துகளை ஈரத்துணியால் எடுத்து, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். அந்தக் கார்கள் சிறு குழந்தைகள் கைக்கும் போகக் கூடாது.

பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால்: ஆல்கலைன் பேட்டரிக் கசிவுக்கு வினிகர் தொட்ட பட்ஸ், பழைய கார்பன்-துத்தநாக பேட்டரிக்கு சமையல் சோடா கரைசல். எது என்று தெரியாவிட்டால் இலேசாக வினிகர் தொடுங்கள், நுரைத்தால் ஆல்கலைன்.

தளர்ந்த மூட்டு, உலோகப் பின்

தளர்ந்த பந்து மூட்டுக்குப் பந்தின் மேல் நிறமற்ற அக்ரிலிக் பூச்சை ஒரு மெல்லிய அடுக்குப் பூசி, முழுதும் காய்ந்த பிறகே பூட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு அடுக்கு. சூப்பர் க்ளூவும் இதே வேலையைச் செய்யும். காய்வதற்குள் பூட்டினால் மூட்டு ஜென்மத்துக்கும் அசையாது.

திருகைப் பூட்டும் முன் ஸ்க்ரூ டிரைவரை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பழைய மரையில் இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சின்ன விழுதல் தெரியும்; அங்கிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள். நேரடியாக முறுக்கினால் திருகு பிளாஸ்டிக்கில் புதிய மரை வெட்டும், நாலு தடவையில் பிடிமானம் போய்விடும். ஜப்பானில் செய்த பொம்மைகளின் திருகுத் தலை ஜே.ஐ.எஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வடிவம், சாதாரண ஸ்டார் முனை அதில் வழுக்கித் தலையை அரைக்கும். 0, 1 அளவுகளில் ஜே.ஐ.எஸ் முனை ஒரு ஜோடி வாங்கிவையுங்கள்.

உலோகப் பின்னைத் தட்டி எடுக்கும்போது இரு முனைகளையும் லென்ஸில் பாருங்கள். ஒரு முனை வழவழப்பாகவும் மறுமுனை வரிவரியாகவும் இருக்கும். வழவழப்பான முனையில் தட்டினால் வரியுள்ள முனை முன்னே வெளியேறும். மாற்றித் தட்டினால் அந்த வரிகள் துளை முழுவதையும் கீறி அகலப்படுத்தும், அப்புறம் அந்த மூட்டு எப்போதும் ஆடும். இறுகிய மூட்டுக்கு ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் போதும். துருவுக்கு அடிக்கும் பெட்ரோலிய ஸ்பிரேக்கள் பல பிளாஸ்டிக்குகளை வெடிக்கவைக்கும், மணம் நன்றாக இருக்கிறது என்று அடித்துவிடாதீர்கள்.

கார்களில் ரிவெட் துளைப்பது கடைசி வழி, அதுவும் விலைபோகாத, அடிபட்ட கார்களில் மட்டும். சென்டர் பஞ்ச் கருவியால் நடுவில் சிறு குழி போட்டு, 3 மில்லிமீட்டர் துளைப்பியால் தலையை மட்டும் கழற்றுங்கள். தூண் தப்ப வேண்டும். பிறகு தூணில் 1.6 மில்லிமீட்டர் துளை, எம்2 மரை, 4 முதல் 6 மில்லிமீட்டர் நீளத் திருகு. பூச்சு அசலாக இருக்கும் ரெட்லைனிலோ டிங்கியிலோ இதைச் செய்தால் அந்த நிமிடமே அது ‘அசல்’ என்ற வரிசையிலிருந்து இறங்கிவிடும்.

தரம், பெட்டி

சி1 முதல் சி10 வரை தரம் சொல்லும் வழக்கம் உண்டு, சி10 தான் உச்சம். விற்பவர் எழுதும் ‘மின்ட்’ (புத்தம் புதிதுபோல்) என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள், படம் கேளுங்கள்: அடித்தட்டு, இரு பக்கம், கூரையைச் சாய்ந்த ஒளியில், ரிவெட் கிட்டத்தில், ரோபோவானால் இரு வடிவங்களிலும், முத்திரை உள்ள இடமும், உதிரிகள் எல்லாம் ஒரே படத்தில் வரிசையாகவும். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடலாம். தரச்சான்று பெற்று அக்ரிலிக் கூட்டுக்குள் அடைத்த பொம்மை பார்க்க அழகுதான். ஆனால் மூட்டை அசைத்துப் பார்க்க முடியாது, உள்ளே ஜிங்க் பெஸ்டோ கோல்டு பிளாஸ்டிக்கோ தன் வேலையை நிறுத்துவதும் இல்லை.

பெட்டிகளுக்குப் புற ஊதா டார்ச் உதவும், ஆனால் எல்லையோடு. இக்காலக் காகிதத்தில் வெண்மையூட்டி கலந்திருப்பதால் நீல வெள்ளையாக ஒளிரும். 1930-களின் பெட்டி என்று தந்தது அப்படி ஒளிர்ந்தால் அது பிரதி. 1980-களின் பெட்டிக்கு இந்தச் சோதனை எதையும் சொல்லாது. ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டிகளில் ‘ரோபாட் பாயின்ட்’ (வெட்டிச் சேர்த்து அனுப்பிப் பொம்மை பெறுவதற்கான சீட்டு) சதுரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். பழைய விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அட்டையும் கூடவே வரும்.

வைப்பதும் அனுப்புவதும்

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், வெப்பம் ஏறி இறங்காமல் சீராக, நேர் வெயில் படாமல். ஓக் மரம், எம்.டி.எஃப் பலகை அலமாரிகளிலிருந்து அமில ஆவி கசிந்து துத்தநாகத்தையும் ஈயத்தையும் அரிக்கும். கண்ணாடியும் பூச்சிட்ட இரும்பும் மேல். பி.வி.சி உறை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன், பாலிதீன், பெட் (PET) பிளாஸ்டிக் ஆகியவை சரி. பஞ்சுரப்பர் பல வருடத்தில் பிசுபிசுத்து உருகிப் பூச்சில் ஒட்டும், ரப்பர் பேண்ட் அதைவிட மோசம். சிலிக்கா ஜெல் பையை நிறம் மாறியதும் மாற்றுங்கள், போட்டு மறந்துவிட்டால் பயனில்லை.

ரோபோக்களை எந்த வடிவத்தில் தாழ்களும் ஸ்பிரிங்குகளும் தளர்வாக இருக்குமோ அந்த வடிவத்தில் வையுங்கள். கார் வகைகளுக்குப் பெரும்பாலும் கார் வடிவம்தான். பீரங்கியில் ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டிய நிலையில் விடாதீர்கள். ரப்பர் டயர் பிளாஸ்டிக் தட்டைத் தொடாதபடி இடையில் ஒரு பாலிஎஸ்டர் தாள் துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு: அடித்தட்டு வாசகம் எழுத்துக்கு எழுத்து, நிறம், சக்கர வகை, எடை, உதிரிப் பட்டியல், எது மாற்றப்பட்டது, எங்கே என்ன விலைக்கு வாங்கியது, நான்கு படங்கள்.

அனுப்பும்போது குமிழித் தாளை நேரடியாகக் காரின் மேல் சுற்றக் கூடாது. வெயிலில் நின்ற வண்டிக்குள் குமிழியின் வட்டம் பூச்சில் பதிந்துவிடும். முதலில் அமிலமற்ற மெல்லிய தாள், அதன்மேல் குமிழித் தாள், பிறகு சிறு பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் நிரப்பு விட்டுப் பெரிய பெட்டி. ரோபோவின் கைமுட்டி, ஏவுகணை, துப்பாக்கி எல்லாவற்றையும் எண்ணி ஜிப் பையில் போட்டு, எண்ணிக்கையைப் பையின்மேல் எழுதி, சிறு பெட்டியின் உட்சுவரில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிரிப்பவர் நிரப்புத் தாளோடு சேர்த்து அவற்றையும் குப்பையில் போட்டுவிடுவார்.